ஓட்டைக்கு அந்தப் பக்கம்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் போடுகிற சத்தம் நீச்சல்குளத்துக்குள் கேட்காது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். "போ! போடி! தலைய உள்ள விடு!" என்று உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த இரண்டு அம்மாக்கள் காப்பிக் கோப்பைகளோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். உள்ளே என் மகள் ஃபென்னா, ஒன்பது வயது, சிவப்பு நீச்சலுடையில் தண்ணீருக்கு அடியில் போனாள். குளத்தின் குறுக்கே தொங்கவிட்டிருந்த நீலப் படுதா வரை ஒழுங்காகத்தான் போனாள். படுதாவின் நடுவில் இருந்த ஓட்டைக்கு ஒரு கை தூரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குமிழி குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டு மேலே வந்து, ஓரத்தைப் பிடித்து இருமினாள். இருமி முடித்ததும் அவள் முதலில் பார்த்தது என்னைத்தான்.

எங்கள் ஊரில் பின்கதவைத் திறந்தால் கால்வாய். முன்கதவைத் திறந்து நாலு வீடு நடந்தால் இன்னொரு கால்வாய். அதனால் இங்கே பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கிறார்களோ இல்லையோ, நீச்சல் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஆறு, ஏழு வயதிலேயே வாங்கிவிடுவார்கள். உடம்பில் சட்டையும் காலில் சப்பாத்துமாகக் குதித்து நீந்த வேண்டும், மல்லாந்து மிதக்க வேண்டும், எல்லாவற்றையும்விட முக்கியமாக, தண்ணீருக்கு அடியில் மூன்று மீட்டர் போய் அந்தப் படுதா ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். குளிர்காலத்தில் உறைந்த கால்வாயின் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தவன் வெளியே வர வழி தேடுவது எப்படி என்று அதில்தான் படிக்கிறோம். ஃபென்னா மற்றதையெல்லாம் சுலபமாகச் செய்வாள். ஓட்டை மட்டும் ஆகாது. நவம்பரில் ஒரு தடவை தோற்றாள், மார்ச்சில் இன்னொரு தடவை. ஜூன் மாதம் அவள் வகுப்பே மூன்று நாள் படகு முகாமுக்குப் போகிறது. சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அந்த மூன்று நாளும் அவள் ஆறு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் உட்கார்ந்து களிமண் பிசைய வேண்டும். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்றாவது தேர்வு. கையில் இருந்தது மூன்றே வாரம்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஃபோன் வந்திருந்தது. அவளுடைய வகுப்பாசிரியர் மெயிண்டெர்ட் கடிகாரத்தை மேசைமேல் வைத்து வாய்ப்பாட்டுப் பரீட்சை நடத்தியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் ஐம்பது கணக்கு. ஃபென்னா மூன்று கணக்குப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாளாம். வெளியே கூப்பிட்டதற்குப் பென்சிலைக் கடித்து இரண்டாக்கினாளாம். எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளையா? சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நான் கேட்டால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பட்டென்று சொல்கிறவள். ஆக, தெரியும், செய்ய மாட்டாள். இதற்குப் பெயர் கொழுப்பு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

என் முடிவுகளெல்லாம் அப்போது இந்த லட்சணத்தில்தான் இருந்தன. நான் பால் லாரி ஓட்டுகிறவன். அதிகாலை மூன்று மணிக்கு முதல் பண்ணையில் இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு வண்டியைக் கழுவி நிறுத்தும்போது வயிற்றில் ஏழு கோப்பை காப்பி மட்டும் இருக்கும். புதன்கிழமை பள்ளி அரை நாள். பன்னிரண்டேகால் மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே நீச்சல்குளம், இரண்டு மணி வகுப்பு வரை அங்கேயே காத்திருப்போம். சாப்பாடு கிடையாது. வயிறு நிறைந்தவன் தண்ணீரில் இறங்கினால் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சதும் சாப்பிடலாம், ஓட்டைக்குள்ள போனா பொரிச்ச உருளைக்கிழங்கு வாங்கித் தரேன்" என்பேன். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த உருளைக்கிழங்கு வாங்கவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் கெர்ப்ரிக் வெறுங்காலோடு சொட்டச் சொட்ட என்னிடம் வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். கழுத்தில் விசில். குளத்தின் அந்தக் கோடியிலிருந்து பேசினாலும் இந்தக் கோடியில் காது வலிக்கும்.

"ஹெஸ்ஸல், ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

எங்கள் ஊரில் ஒருவர் இப்படி ஆரம்பித்தால் நாம் கோபித்துக்கொள்ளத்தான் போகிறோம் என்று அர்த்தம்.

"பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல. நீங்கதான் பிரச்சனை."

"நானா? நான் வெளியில நிக்கறேன்!"

"அதத்தான் சொல்றேன். நீங்க கண்ணாடியில பட்டுபட்டுனு அடிக்கறது தண்ணிக்குள்ள எப்படிக் கேக்கும் தெரியுமா? பயந்துபோன மூளை தப்பிச்சு ஓடறத மட்டும்தான் யோசிக்கும். படிச்சது, பழகினது ஒண்ணும் அந்த நேரத்துல கைக்கு வராது. அவளுக்கு நீந்தத் தெரியும். பயத்துல இருக்கறப்ப தெரியல, அவ்வளவுதான்."

"மூளையாம் மூளை. எங்களையெல்லாம் கொம்பால தள்ளி உள்ள விட்டாங்க. நாங்க கத்துக்கலையா?"

"கத்துக்கிட்டீங்க, சந்தோஷம். அடுத்த புதன் பெத்தவங்களும் கூட நீந்தற நாள். உடுப்பு எடுத்துக்கிட்டு வாங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஈரக்காலோடு போய்விட்டாள்.

வீட்டில் மாரித்திடம் சொன்னேன். என் மனைவி, வீடு வீடாகச் சைக்கிளில் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்" என்றாள்.

"நீயுமா?"

"நேத்து எத்தன மணி நேரம் தூங்கின? நாலா? புள்ள வயித்துல ஒண்ணுமில்ல, உன் கண்ணுல தூக்கமில்ல. ரெண்டு பேரும் சேந்து ஒரு பரீட்சைக்குப் போறீங்க. வெளங்கிடும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத புல்லை வெட்டினேன்.

அடுத்த புதன்கிழமை பத்துப் பன்னிரண்டு பெற்றோர்கள் தொப்பையும் தொடையுமாகக் குளத்தோரம் வரிசையில் நின்றோம். எனக்கு ஒரு கவலையும் இல்லை. நான் பிறந்ததே தண்ணீரில் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறவன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இங்கே தருகிற மூன்று படிச் சான்றிதழையும் எட்டு வயதுக்குள் வாங்கினவன். அன்று காலை மட்டும் பதினொரு பண்ணை முடித்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு இடத்தில் குழாய் அடைப்பு, ஒரு பண்ணைக்காரரோடு வாக்குவாதம் வேறு. அதெல்லாம் ஒரு பொருட்டா? கெர்ப்ரிக் விசில் ஊதியதும் தலை முன்னால் போகத் தண்ணீருக்குள் பாய்ந்தேன்.

ஓட்டை நன்றாகப் பெரியது. ஒரு பசுமாடு தலையும் கழுத்துமாகத் தாராளமாக நுழையலாம். அதை நோக்கி இரண்டு கை போட்டேன். அப்போதுதான் மேலே எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஃபென்னா பார்க்கிறாள், கெர்ப்ரிக் பார்க்கிறாள், அந்தக் காப்பிக் கோப்பை அம்மாக்கள் பார்க்கிறார்கள். நெஞ்சு திடுதிடுவென்று அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கண் முன்னால் ஓட்டை சுருங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதற்குள் என் தோள் எப்படி நுழையும் என்று தோன்றியது. அவ்வளவுதான், நாற்பத்திரண்டு வயது மனிதன் கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலே வந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"பால் திரிஞ்சுபோச்சுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். குளமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, கத்தினவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கத்தியிருப்பேன். ஆனாலும் யார் முகத்திலாவது ஒரு குத்து விட வேண்டும் போல் இருந்தது. மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஃபென்னா சிரிக்கவில்லை. நீந்தி வந்து என் பக்கத்தில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சின்னதாயிடுச்சா?" என்றாள்.

"எது?"

"ஓட்டைதான். எனக்கும் அப்படித்தான் ஆகும். தூரத்துல பெருசா இருக்கும், கிட்டப் போனா சின்னதாயிடும்."

எனக்கு இருமல் நின்றுவிட்டது. "எப்பவுமேவா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, "இல்ல. நீ தட்டும்போது" என்றாள். "நான் கைய எண்ணிக்கிட்டே போவேன்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவதுல ஓட்டை வந்துடும். நீ தட்டினா எத்தனாவதுன்னு மறந்துபோயிடும். மெயிண்டெர்ட் சார் கடிகாரத்த வெச்சா ஏழெட்டு மறந்துபோற மாதிரி."

முகம்தான் ஏற்கெனவே நனைந்திருந்ததே, அதனால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதம். எட்டு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் பசித்த பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, அவள் எண்ணிக்கொண்டிருந்ததை நானே கலைத்திருக்கிறேன். கலைத்துவிட்டு, திரும்பிப் போகிற வழியெல்லாம் காரில் "சும்மா சாதாரணமா இரேன், எல்லாப் புள்ளைங்களும் செய்யறதுதானே" என்று உபதேசம் வேறு. அவளைத் திட்டினதற்கெல்லாம் என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

"இனிமே தட்ட மாட்டேன்" என்றேன்.

"நெசமா?"

"நெசமா."

"பாக்கவும் கூடாது. நீ பாத்தாலே தட்டற மாதிரிதான் இருக்கு."

மறுநாளே பால் கம்பெனிக்குப் போய் வேலை முறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். செவ்வாய் இரவுகளில் என்னை விட்டுவிட்டு, புதன் காலை ஏழு மணி வண்டியை, அதுவும் பாதிச் சுற்றை மட்டும், கொடுத்தார்கள். முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். ஏழு மணிநேரத் தூக்கம் என்றால் என்ன என்பதையே நான் மறந்திருந்தேன். ஏழு மணி வண்டியென்றால் பன்னிரண்டேகாலுக்கு நான் பள்ளிக்கூட வாசலில் இருக்க முடியாது, அதனால் மாரித் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு மணிக்குள் மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்று, ஆளுக்கு ஒரு கோப்பை மோர் குடித்தோம். யாருக்கும் கை கால் இழுத்துக்கொள்ளவில்லை. மெயிண்டெர்ட்டிடம் போய்க் கடிகாரத்தை எடுத்துவிடச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். வந்த வெள்ளிக்கிழமை ஃபென்னா ஐம்பதில் நாற்பத்தேழு வாங்கிவந்து, தாளை என் சட்டைப்பையில் சொருகிவிட்டுப் போனாள். பிறகு தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

நீச்சல் வகுப்பு நேரத்தில் நான் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, சைக்கிள்களை எண்ணினேன். முதல் புதன் அவள் வெளியே வந்து தலையை இல்லை என்று ஆட்டினாள். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த புதன், தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், மூன்று தடவையில் இரண்டு தடவை நுழைந்தாளாம். மூன்றாவதில் நின்றுவிட்டாளாம். மூன்றில் இரண்டு என்றால் தேறுமா தேறாதா? அன்றிரவு அந்தக் கணக்கை மாரித்திடம் நாலு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை அவள் தலையணையால் அடித்தாள்.

சனிக்கிழமை காலை சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபென்னா வந்து முன்னால் நின்றாள்.

"அப்பா, நீ வரலாம்."

"நெசமாவா?"

"எல்லாரோட அப்பாவும் வருவாங்க. ஆனா நான் படுதாகிட்டப் போறப்ப நீ கூரையப் பாக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் கூப்பிடற வரைக்கும்."

"நான் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. நீ சொன்னாக் கூரையவே பாப்பாரு" என்று உள்ளேயிருந்து மாரித் குரல் கொடுத்தாள்.

தேர்வு நாளில் பெற்றோரைக் கண்ணாடிக்கு உள்ளேயே விடுவார்கள். சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, குளத்தோரப் பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வெக்கையும் குளோரின் நாற்றமும். சட்டைக்குள் வியர்வை ஓடியது. பதினாலு பிள்ளைகள். அதில் ஃபென்னாதான் உயரம். மற்றதெல்லாம் பொடிசுகள். அவள் தொப்பியில் ஏழு என்று எண். சட்டையும் சப்பாத்துமாகக் குதித்தாள், நீந்தினாள், மல்லாந்து மிதந்தாள். தேர்வாளர், வழுக்கைத் தலை மனிதர், அட்டையில் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு எல்லோரும் ஈர உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். கெர்ப்ரிக் படுதாவை இறக்கினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று எனப் பிள்ளைகள் போனார்கள். ஒவ்வொருவரும் மறுபக்கம் வந்ததும் ஒரு கைதட்டல். "ஆறு" என்று தேர்வாளர் கூப்பிட்டதும் நான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே மர உத்தரங்கள் இருந்தன. விளக்குகள் இருந்தன. ஒரு விளக்கு அணைந்து கிடந்தது. உத்தரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் எந்தக் காலத்திலோ மாட்டிக்கொண்ட ஒரு மஞ்சள் பந்து இருந்தது. ஆறுக்குக் கைதட்டல் விழுந்தது.

"ஏழு."

விசில். தண்ணீர் பிளக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. நான் பந்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒண்ணு. மாரித் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரெண்டு. அவள் நகம் உள்ளே இறங்கியது. மூணு. என் உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் கீழே பார் கீழே பார் என்றது. பார்க்கவில்லை. கழுத்து வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பந்து இரண்டாகத் தெரிந்தது. நாலு. அஞ்சு. மூணாவது கையில் ஓட்டை வரும் என்றுதானே சொன்னாள்? ஆறு.

கைதட்டல் விழுந்தது. சாதாரணக் கைதட்டல் இல்லை, இரண்டு தடவை தோற்ற பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். பலகைகள் அதிர்ந்தன. மாரித் என் காதுக்குள் என்னவோ கத்தினாள். பின்னாலிருந்து ஒருவர், "பால்காரரே, உங்க பொண்ணுதாங்க, அங்க என்னத்தப் பாக்கறீங்க!" என்று என் தோளை உலுக்கினார். நான் அசையவில்லை. கூப்பிடும் வரைக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்பா!"

தலையை இறக்கினேன். படுதாவுக்கு அந்தப் பக்கம் தண்ணீரை மிதித்துக்கொண்டு நின்றிருந்தாள். தொப்பி கழன்று முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. வாயெல்லாம் பல்.

"பாத்தியா?"

"இல்லம்மா. கூரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஒரு தடவகூடக் கீழ பாக்கலையா? கொஞ்சூண்டு?"

"சத்தியமா இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? நான் அவளிடம் எட்டு மாதம் எதிர்பார்த்த ஒன்றை, அவள் என்னிடம் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. என் பெண் என்னை நம்பிவிட்டாள்.

"அப்ப இப்பப் பாரு" என்றாள்.

"ஏழாம் நம்பர், ஒரு தடவ போதும்! வெளிய வாம்மா!" என்று தேர்வாளர் அட்டையை ஆட்டினார். கெர்ப்ரிக் விசிலை உதட்டில் வைத்தாள். வைத்தவள் ஊதவில்லை. நான் நீலப் பிளாஸ்டிக் கால்களோடு எழுந்து நின்றேன். ஃபென்னா கன்னம் இரண்டையும் உப்பி மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். தெளிந்த தண்ணீரில் அந்தச் சிவப்பு உடை வளைந்து திரும்பி, படுதாவை நோக்கி நீண்டது. ஒரு கை. இரண்டு கை. மூன்றாவது கை ஓட்டைக்குள்ளேயே போனது, தலை போனது, இடுப்பு போனது, வெளுத்து ஊறிப்போன இரண்டு உள்ளங்கால்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு உதை உதைத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் மறைந்தன.